கழற்றாத குழாய்

ஷூர் அன்றைக்குத் தொட்டியை மூன்று தடவை கழுவினான். மூன்று தடவையும் குழாயைக் கழற்றவில்லை.

மாடியறையில் படுத்துக்கிடந்த சினேவாவுக்கு அது காதாலேயே தெரிந்தது. பீர் காய்ச்சும் கொட்டகை முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஜன்னலை ஒரு கை அகலம் திறந்து வைக்கச் சொல்லியிருந்தாள். காற்று வேண்டுமாம். காற்றாவது ஒன்றாவது! அக்டோபர் குளிரில் எந்த நோயாளி காற்று கேட்பாள்? அவளுக்கு வேண்டியது கொட்டகையின் சத்தம். ஜூனிபர் புதரின் வாசனைக் கிளைகள் போட்டுக் கொதித்த தண்ணீரைச் சாய்க்கும் சத்தம் வந்தது. தேய்க்கும் சத்தம் வந்தது. மறுபடி தண்ணீர். அதற்கப்புறம், தொட்டிக்குள்ளிருந்து மரச்சுத்தியால், பீர் வடிகிற மரக்குழாயைத் தட்டிக் கழற்றும் சத்தம் வர வேண்டும். டொக், டொக், டொக். மூன்றே தட்டு. அது மட்டும் வரவில்லை.

அவனே வந்து கேட்கட்டும் என்று படுத்திருந்தாள். மாடிக்குப் பதினோரு படி. ஏறி வந்து, நீ எப்படிக் கழுவுவாய் என்று ஒரு வார்த்தை கேட்டால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

அவன் காய்ச்சப்போவது அவளுடைய சாவுக்கான பீர், அடக்கத்துக்கு வருகிறவர்களுக்கு ஊற்ற. வோஸ் பள்ளத்தாக்கில் இதில் ஒளிவுமறைவு கிடையாது. படுக்கையில் கிடக்கிறவர் காதில் விழும்படியேதான் மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, அரைப்பார்கள், விறகை அடுக்குவார்கள். கோடையில் அவளை ரயிலில் பெர்கன் நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் தைத்து அனுப்பிவிட்டார்கள். கிறிஸ்துமஸைப் பார்த்தால் பெரிய விஷயம் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் சினேவா புருஷனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பீர மட்டும் நல்லாக் காச்சு ஷூர். வர்றவங்க ரெண்டாவது கிண்ணம் கேக்கணும்."

அந்த ஊரில் யாரும் யாருடைய பீரையும் மோசம் என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். பீப்பாயைத் திறக்கும் நாளில் அக்கம்பக்கத்தார் ருசி பார்க்க அழைக்காமலே வருவார்கள். முதல் கிண்ணத்தை அடிவரை குடிப்பார்கள், அது மரியாதை. பிறகு இரண்டாவது கிண்ணத்துக்குக் கையை நீட்டினால் பீர் நன்றாக இருக்கிறது. வாயைத் துடைத்துக்கொண்டு, மலையில் பனி எதுவரைக்கும் இறங்கியிருக்கிறது என்று பேச ஆரம்பித்தால் முடிந்தது கதை.

அந்தப் பனிப் பேச்சை சினேவா ஒரு தடவை கேட்டிருக்கிறாள். முப்பத்து நாலு வருஷம் ஆகிறது, இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

ஏரிக்கு அக்கரையிலிருந்து இருபத்திரண்டு வயதில் இந்த வீட்டுக்கு வந்தவள். அடுத்த வருஷமே ஆண் குழந்தை. ஞானஸ்நானத்துக்கென்று மாமனாரும் ஷூரும் சேர்ந்து பீர் காய்ச்சினார்கள். காய்ச்சுவது ஆண்கள் வேலை, பாத்திரம் கழுவுவது பெண்கள் வேலை. எட்டு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு தொட்டியையும் பீப்பாயையும் கழுவிக்கொடுத்தது அவள்தான். குழந்தை பதினோரு நாள் இருந்தது. ஞானஸ்நானத்துக்குக் காய்ச்சிய பீரை அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு ஊற்றினார்கள். அது புளித்திருந்தது. ஒருத்தரும் இரண்டாவது கிண்ணம் கேட்கவில்லை. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பனியைப் பற்றிப் பேசினார்கள்.

ஈஸ்ட் சரியில்லை என்றார் மாமனார். கொட்டகைக்குள் யாரோ வரக்கூடாத நேரத்தில் வந்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். யாரோ என்றால் யார், மருமகள்தான். ஆட்கள் எல்லாம் புல் அறுக்கப் போன ஒரு பகலில் தனியாகக் கொட்டகைக்குப் போய், காலித் தொட்டிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தாள். மரம் நல்ல வாசனை அடித்தது. அப்புறம் அடியில் செருகியிருந்த மரக்குழாய்க்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனாள். குமட்டிக்கொண்டு வந்தது. சுத்தியால் உள்ளிருந்து மூன்று தட்டு தட்டினாள், கழன்று வந்தது. குழாயின் துளைக்குள் சுற்றிலும் சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று ஏதோ ஒட்டியிருந்தது. எத்தனை வருஷத்து அழுக்கோ அது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, கழுவியது தான்தானே என்று. தொட்டியைத் தேய்த்தாள், பீப்பாயைத் தேய்த்தாள், இந்தக் குழாய் கழலும் என்பது தெரியாது. யாரும் சொல்லித்தரவுமில்லை. ஆனாலும் பெற்ற பிள்ளையின் அடக்கத்துக்கு அந்தப் பீரை ஊற்றவைத்தது தன் கைதான். இதை யாரிடம் போய்ச் சொல்வது? பிர்ச் மரச் சாம்பல் கரைத்த தண்ணீரில் குழாயைப் போட்டுக் கொதிக்கவைத்தாள். வாத்து இறகு ஒன்றைத் துளைக்குள் விட்டுக் குடைந்தாள். மறுபடி கொதிக்கவைத்து, செருகிவிட்டு, இறகைக் கழுவிக் கொட்டகை ஜன்னலுக்கு மேலிருந்த விரிசலில் சொருகிவைத்தாள். அவ்வளவுதான். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒரு பீரும் புளிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் காய்ச்சுவதற்கு முந்தின நாள் அவள் மூன்று தட்டு தட்டிக் குழாயைக் கழற்றுவாள், கொதிக்கவைப்பாள், இறகு விடுவாள், திரும்பச் செருகுவாள். ஷூர் வரும்போது தொட்டி தயாராக நிற்கும். குழாய் அதன் இடத்தில் இருக்கும். அது கழலும் என்பதே அந்த மனுஷனுக்குத் தெரியாது. பீர் முடிந்ததும் ஈஸ்ட்டை எடுத்து வைப்பதும் அவள்தான். சின்னச் சின்ன மரத்துண்டுகளைக் கோத்துச் செய்த வளையம் ஒன்று, மாமனாரின் தகப்பன் காலத்தது. அதை ஈஸ்ட் நுரையில் முக்கி, பரணில் காயவைத்து, அடுத்த தடவைக்கென்று மாவுப் பைக்குள் போட்டு வைப்பாள். அந்த வீட்டு ஈஸ்ட்டில் ஆரஞ்சுத் தோல் வாசனை வரும். கிறிஸ்துமஸுக்கு மட்டும் ஆரஞ்சைக் கண்ணால் பார்க்கிற ஊரில் அது பெரிய பேச்சு.

பேரெல்லாம் ஷூருக்கு. ஷூர் கை ராசியான கை என்பார்கள். கல்யாண வீடுகளில் கூப்பிட்டுக் காய்ச்சச் சொல்வார்கள். பீப்பாய் திறக்கும் நாளில் ஆண்கள் அவன் முதுகில் தட்டுவதைப் பார்த்துக்கொண்டே சினேவா ரொட்டியும் உப்பிட்ட ஆட்டிறைச்சியும் பரிமாறுவாள். முதலில் அது அவளுக்கு ஒரு ரகசியச் சந்தோஷம். பிறகு வழக்கமாகிவிட்டது. எப்போது அது நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, திரும்பிப் பார்த்து நீ என்ன செய்கிறாய் என்று கேட்டிருக்கலாம் அல்லவா?

இப்போது அவள் கைக்குத் துடைப்பம் பிடிக்கக்கூடத் தெம்பில்லை. கழுவுவதும் ஷூர் தலையில் விழுந்தது.

அவன் அப்படிக் கழுவிக் காய்ச்சிய முதல் பீரைத் திறந்த மறுநாள் காலை ராக்னா வந்தாள். அடுத்த பண்ணைக்காரன் தொர்கெலின் மனைவி. தினமும் வந்து சினேவாவுக்கு உடம்பு துடைத்து, துணி மாற்றிவிட்டுப் போவாள். நல்ல மனசு, நாக்குதான் நீளம். அன்றைக்கு அந்த நாக்கு அசையவில்லை. முதுகைத் துடைத்தாள், தலையணையைத் தட்டினாள், ஜன்னலைப் பார்த்தாள்.

"சொல்லித் தொலைடி. எத்தன பேரு ரெண்டாவது கேட்டாங்க?" என்றாள் சினேவா.

"பனி இந்த வருஷம் சீக்கிரமே எறங்கிடுச்சுன்னு பேசிக்கிட்டாங்க."

சினேவா கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளுக்குள் ஒரு மூலையில், நல்லா வேணும் என்று ஒரு குரல் கேட்டது. அது தன் குரல்தான் என்று தெரிந்தும் அவள் அதை அடக்கவில்லை.

ஷூர் சும்மா இருக்கிற ஆளில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். புளித்த பீரையெல்லாம் ஓடையில் கொட்டினான். மறுபடி விறகு வெட்டினான், மறுபடி ஜூனிபர் வெட்டிக் கொண்டுவந்தான். சாம்பல் தண்ணீரைக் காரமாகக் கரைத்து, தொட்டிக்குள் இடுப்புவரை குனிந்து இரண்டு நாள் தேய்த்தான். சினேவா படுத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தாள். தண்ணீர், தேய்ப்பு, தண்ணீர். மூன்று தட்டு இல்லை. ஈஸ்ட் போடும்போது பீருக்கு வீரியம் வர வேண்டும் என்று போடுகிற கூச்சலையும் போட்டான். கணீரென்று கேட்டது. அப்போதே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கட்டிலோரம் ஒரு தடி இருந்தது, தரையில் தட்டிக் கூப்பிடுவதற்காக. அவள் அதைத் தொடவில்லை.

இரண்டாவதும் புளித்தது.

அன்று சாயங்காலம் ஷூர் மாடிக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். கைகளை மடியில் விரித்து வைத்திருந்தான். சாம்பல் காரத்தில் விரல் முட்டியெல்லாம் வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் சினேவா அவன் பக்கம் திரும்பினாள். இதோ சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"ஈஸ்ட் கெட்டுப்போச்சு சினேவா. வேற ஒண்ணும் இல்ல. அப்பா அன்னைக்கே சொன்னாரு, இந்த ஈஸ்ட்ல ஏதோ கோளாறு இருக்குன்னு" என்றான் ஷூர்.

"ஈஸ்ட்டுக்கு ஒண்ணுமில்ல."

"நான் நல்லாத்தானே கழுவறேன். பின்ன எப்படிப் புளிக்கும்?"

"ஈஸ்ட்டுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல."

"காச்சறதப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்றான் அவன்.

கோபமாகச் சொல்லவில்லை. சோர்ந்துபோய், வீட்டில் ஒரு சாமான் இருக்கும் இடம் உனக்குத் தெரியாது என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னான். அதுதான் அவளைக் குத்தியது. திறந்த வாயை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். அவன் கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டு இறங்கிப் போனான். பரண் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காலையில் அடிவயிற்று வலிக்கு முன்னால் அந்த வாசனைதான் அவளை எழுப்பியது. ரொட்டி கருகுகிற வாசனை. வீட்டில் யார் ரொட்டி சுடப்போகிறார்கள்? ஜன்னல் இடுக்கில் பார்த்தாள். கொட்டகைப் புகைபோக்கியிலிருந்து மஞ்சளும் கறுப்புமாகப் புகை வந்துகொண்டிருந்தது. அந்தப் புகையில் லேசாக ஆரஞ்சுத் தோல் மணம் இருந்தது.

தடியை எடுத்துத் தரையில் அடித்தாள். இருந்த பலமெல்லாம் சேர்த்து அடித்தாள். கீழே வீட்டில் யாரும் இல்லை. முற்றம் தாண்டிக் கொட்டகைக்கு அந்தச் சத்தம் எட்டாது. கூப்பிட்டாள், குரல் ஜன்னலைக்கூடத் தாண்டவில்லை. முப்பத்து நாலு வருஷம் மாவுப் பையில் வைத்துக் காத்தது கால் மணி நேரத்தில் எரிந்துவிடும். எரிந்தது. தடி கையிலிருந்து நழுவிக் கட்டிலுக்கடியில் உருண்டது.

ஷூர் வந்தபோது அவன் சட்டையிலும் அதே வாசனை. ஒரு பெரிய வேலையை முடித்துவிட்டவன் முகமாக இருந்தது. வளையத்தையும் எரித்துவிட்டேன், கிணற்றுக் குளிரில் ஜாடியில் வைத்திருந்த மிச்ச ஈஸ்ட்டையும் கொட்டிவிட்டேன், இனி கெட்டது ஒன்றும் வீட்டில் இல்லை என்றான். தொர்கெலிடம் ஈஸ்ட் கேட்டிருக்கிறானாம், நாளைக்கே மறுபடி காய்ச்சுவானாம். எல்லாம் அவளுக்காகத்தான். அவளுடைய நாளன்று ஊர் இரண்டாவது கிண்ணம் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான். பாவம் அந்த மனுஷன்.

"ஷூர், தொட்டிக் குழாயக் கழட்டு" என்றாள் சினேவா.

"குழாயையா?"

"சுத்தி எடுத்துக்கோ. உள்ள இருந்து மூணு தட்டு தட்டு. கழண்டு வரும். இங்க எடுத்துட்டு வா."

அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். நோய் தலைக்கு ஏறிவிட்டதோ என்று நினைத்திருப்பான். ஆனாலும் போனான். சினேவா காதைக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு டொக். டொக். டொக்.

படியேறி வருவதற்கு வெகுநேரம் பிடித்தது. வாசலில் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். அதன் வாயிலிருந்து சாம்பல் நிறமாக ஏதோ அவன் மணிக்கட்டில் வழிந்துகொண்டிருந்தது. மோந்து பார்த்திருக்கிறான், முகத்திலேயே தெரிந்தது. கட்டில் ஓரத்துக்கு வராமல் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"இத இதுக்கு முன்னாடி யாரு கழுவினா?"

"யாரு கழுவியிருப்பா?"

அவன் கணக்குப் போடுவது தெரிந்தது. கல்யாணங்கள், கிறிஸ்துமஸ்கள், அவன் தகப்பனின் சாவு, தொர்கெலின் தகப்பனின் சாவு. ஒவ்வொன்றிலும் முதுகில் விழுந்த தட்டு ஒவ்வொன்றும்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றான்.

"நீ கேக்கல." சொன்ன உடனே அவளுக்கே அது கசந்தது. இனி அரையும் குறையுமாகச் சொல்லி என்ன ஆகப்போகிறது? "நம்ம பையன் அடக்கத்துக்கு ஊத்தின பீரு புளிச்சது ஈஸ்ட்டால இல்ல. தொட்டியக் கழுவினது நான். குழாய் கழலும்னு எனக்குத் தெரியல. அத வாயத் தொறந்து சொல்ல முடியல. அப்புறம் சொல்லப் பிடிக்கல. மூணு வாரமா நீ கழுவறத இங்க படுத்துக் கேட்டுக்கிட்டே இருந்தேன் ஷூர். உன் கை வெடிக்கிறது தெரிஞ்சுதான் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

பையன் பெயரை அந்த வீட்டில் அவர்கள் எத்தனையோ வருஷமாகச் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை. ஷூர் குழாயைப் படியில் வைத்துவிட்டு, வளையத்தை எரித்துவிட்டேனே என்றான். தெரியும் என்றாள் அவள். நானும்தான் சேர்ந்து எரித்தேன் என்றும் சொன்னாள். இரண்டு பேரும் அழுதார்கள். அழுது முடித்ததும் அவள் இறகு எங்கே இருக்கிறது என்று சொன்னாள்.

ஊரில் மற்ற வீடுகள் கடை ஈஸ்ட்டுக்கு மாறி வருஷக்கணக்காகிறது. தொர்கெல் வீட்டில் மட்டும்தான் வேறு பழைய ஈஸ்ட் இருந்தது, ராக்னா பிறந்த ஊரிலிருந்து கொண்டுவந்தது. ராக்னாவே அதை ஒரு சின்னக் குப்பியில் கொண்டுவந்து கொடுத்தாள். ஷூர் குழாயை ஒரு பகல் முழுக்கக் கொதிக்கவிட்டான். இறகு விட்டுக் குடைந்து, மாடிக்குக் கொண்டுவந்து அவள் மூக்கருகில் பிடித்தான். அவள் மோந்து பார்த்து, இன்னொரு கொதி என்றாள். திரும்பப் போனான். அடுத்த தடவை கொண்டுவந்தபோது தலையாட்டினாள். ஈஸ்ட் போடும்போது கூச்சல் போட்டான்; இந்தத் தடவை குரல் பாதியிலேயே உடைந்துவிட்டது.

பீப்பாய் திறக்கும் நாளில் பனி முற்றத்துக்கே வந்துவிட்டது. சினேவா இரண்டு நாளாக எதையும் விழுங்கவில்லை. தண்ணீரை ராக்னா துணியில் நனைத்து உதட்டில் வைப்பாள், அவ்வளவுதான். ஜன்னலை மூடவிடவில்லை. மேலே இரண்டு ஆட்டுத்தோல் போர்த்திக்கொண்டு கேட்டாள். பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டுகிற சத்தம், பெஞ்சு இழுபடும் சத்தம். பிறகு எல்லோரும் குடிக்கும்போது வருகிற அமைதி. அந்த அமைதியில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பனி என்ற சொல் எப்போது வரும் என்று காத்திருந்தாள்.

"ஊத்துப்பா" என்றது தொர்கெலின் பெரிய குரல். இன்னொருத்தன் எனக்கும் என்றான். கிண்ணங்கள் நகர்ந்தன. "ஷூர் கைன்னா ஷூர் கைதான். நடுவுல ரெண்டு தடவ எங்க போயிருந்துச்சோ" என்று தொர்கெல் சிரித்தான். கூட நாலைந்து பேர் சிரித்தார்கள்.

ஷூர் சிரிக்கவில்லை. அவன் உரக்கப் பேசுகிறவன் இல்லை. ஆனால் அன்றைக்கு ஜன்னல் திறந்திருப்பது தெரிந்தே பேசினான் என்று ராக்னா பிற்பாடு சொன்னாள்.

"என் கை இல்ல தொர்கெல். இந்த வீட்டுல தொட்டிய உருப்படியாக் கழுவத் தெரிஞ்ச ஆளு மேல படுத்திருக்கா. இத்தன வருஷமும் நீங்க குடிச்சது அவ கழுவினத. அந்த ஈஸ்ட்டும் அவ காப்பாத்தி வச்சிருந்தது. அத நான் எரிச்சிட்டேன்."

பிறகு ஒரு பெஞ்சு நகர்ந்தது, காலடிச் சத்தம் முற்றத்தைத் தாண்டி வந்தது, பதினோரு படியும் ஏறியது. ஷூர் கையில் கிண்ணம். அவள் தலையை ஏந்திப் பிடித்து, உதட்டில் வைத்துச் சாய்த்தான். நாக்கு நனைகிற அளவுதான் உள்ளே போனது. மீதி கழுத்தில் வழிந்தது. அவள் வெகுநேரம் அதை வாயிலேயே வைத்திருந்தாள். புளிப்பு இல்லை. கெட்ட வாசனை இல்லை. ஆரஞ்சும் இல்லை. வேறு யார் வீட்டுப் பீரோ அது. அவள் அடக்கத்துக்கு ஊர் குடிக்கப்போவது இதைத்தான். அந்தப் பழைய மணத்தை இனி யாரும் எங்கேயும் குடிக்கப்போவதில்லை.

"நல்லா இருக்கா?" என்று கேட்டான் ஷூர்.

"சுத்தமா இருக்கு."

அவன் தலை குனிந்தது. மேற்கொண்டு கேட்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் என்றால் அவள் அத்தோடு விட்டிருப்பாள். போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தாள், அதற்கே மூச்சு வாங்கியது. மார்பின் மேல் சாய்ந்திருந்த கிண்ணத்தை விரலால் அவன் பக்கம் தள்ளினாள்.

"ரெண்டாவது ஊத்து" என்றாள்.

அவள் குடிக்கப்போவதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஷூர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு இறங்கினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுத்தாள். முற்றத்தில் காலடி, கொட்டகைக் கதவு. நிரப்புவதற்கு முன்னால் அவன் கிண்ணத்தைக் கொதிநீரில் கழுவும் சத்தம் கேட்டது.